ஆமைத் தீவுகளின் சொந்தக்காரர் யார்?

2025-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி தென் அமெரிக்காவிலுள்ள ஈக்வடார் தேசத்து ஜனங்கள் சில கேள்விகளுக்கு வாக்களித்தனர். அவற்றுள் ஒன்று, அந்நிய ராணுவத் தளங்கள் தேச எல்லைக்குள் இருக்கலாகாதென்று 2008-ம் வருஷத்து அரசியல் சட்டம் விதித்திருக்கும் தடையை நீக்கிவிடலாமா என்பது. நூற்றுக்குச் சுமார் அறுபது பேர் கூடாதென்று சொல்லிவிட்டார்கள். ஜனாதிபதி நோபோவா எதிர்பார்த்து உழைத்தது இதற்கு நேர் எதிரான முடிவை. வாக்கெடுப்புக்கு முன் நடந்த வாதப் பிரதிவாதங்களில் அடிபட்ட பெயர்களுள் கலாபகோஸ் தீவுகளின் பெயரும் ஒன்று. உலகத்தில் வேறெங்குமில்லாத பிராணிகள் வசிக்கும் தீவுக்கூட்டமென்று பள்ளிப் பையன்களும் அறிந்த இடம், யுத்தக் கப்பல்களின் பேச்சோடு சேர்ந்து அடிபடுவானேன்? இதைச் சற்று விசாரிக்க விரும்புகிறோம்.

நமக்கும் அந்தத் தீவுகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் நேயர்கள் பூகோள உருண்டை ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். கலாபகோஸ் இருக்கும் இடத்தில் ஓர் ஊசியைச் செருகி நேரே மறுபுறம் வரச் செய்தால், அது இலங்கைக்குத் தென்கிழக்கே, இந்துமகா சமுத்திரத்தின் நடுவில், பூமத்திய ரேகையை ஒட்டி வெளிப்படும். நம்மிடமிருந்து அதற்குமேல் தூரமான இடம் பூமியில் அதிகமில்லை. ஆனால் வழக்கு நமக்குப் பழக்கமான வழக்குத்தான். சொத்து ஒருவருடையது, அதன் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் வேறொருவர், அள்ளிக்கொண்டு போனவர்கள் வேறு பலர், கடன் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவர் இன்னொருவர். இத்தகைய தஸ்தாவேஜுக் கட்டுகளைப் புரட்டிப் பழகிய நமக்கு இந்தக் கட்டும் புதிதாகத் தோன்றவில்லை.

முதலில் சொத்தின் விவரம். ஈக்வடார் கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் மேற்கே, கடலடியிலிருந்து எரிமலைகள் கக்கிய கற்குழம்பு உறைந்து எழுந்த தீவுகள் இவை. எந்தக் காலத்திலும் கண்டத்தோடு ஒட்டியிருந்தவையல்ல. மேற்கு ஓரத்திலுள்ள பெர்னாண்டினா என்னும் எரிமலை 2024 மார்ச்சில் கூட நெருப்பைக் கக்கியது. எனவே அங்குள்ள ஒவ்வொரு ஜீவனும் பறந்தோ, நீந்தியோ, மிதக்கும் மரக்கிளையைப் பற்றிக்கொண்டோ வந்து சேர்ந்ததன் சந்ததிதான். தவளைக்கு உப்புநீர் ஆகாது. ஆகவே அங்கே சுதேசத் தவளையே கிடையாது. தரையில் வாழும் பெரிய மிருகங்களாலும் அவ்வளவு தூரம் வர முடியவில்லை. வெகுநாள் பட்டினி கிடக்கக்கூடிய பல்லியினமும் ஆமையினமும் வந்தன. நம் நாட்டில் ஆடும் மாடும் செய்யும் மேய்ச்சல் வேலையை அங்கே ராட்சத ஆமைகள் செய்கின்றன. பெரியவை இருநூறு கிலோவுக்கு மேலும் எடையேறும். நூறு வருஷம் சாதாரண ஆயுள்.

கடல் உடும்பு என்றொரு பிராணி. உடும்பினங்களில் கடலுக்குள் மூழ்கிப் பாசியை மேய்ந்து பிழைப்பது உலகத்தில் இது ஒன்றே. மேய்ந்து முடித்துக் கரையேறிக் கரும்பாறையில் கும்பல் கும்பலாக வெயில் காய்ந்துகொண்டு, உடம்பில் சேர்ந்த உப்பை மூக்கு வழியே தும்மித் தள்ளுகிறது. எல் நினோ என்னும் வெப்ப நீரோட்டம் வரும் வருஷங்களில் பாசி அழிந்துவிடும். அப்போது இந்த உடும்பு மெலிவதோடு நிற்பதில்லை. அதன் உடலின் நீளமே குறைந்துபோகிறது. ஐந்தில் ஒரு பங்கு வரை குறைவதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். நல்ல காலம் திரும்பினால் மறுபடி நீளுகிறது. பஞ்சத்துக்குத் தக்கபடி எலும்பையே சுருக்கிக்கொள்ளும் பிராணியைப் பற்றி, பஞ்சம் கண்ட தேசத்தவர்களாகிய நாம் வியப்போடு மட்டுமா படிக்க முடியும்? மேற்குக் கரையில் நீர்க்காகத்தின் இனம் ஒன்று, பறக்கத் தேவையில்லாமையால் சிறகு குறுகிப் பறக்கவே மறந்துவிட்டது. பனிக்கட்டிப் பிரதேசத்துக்கு உரியதென்று நாம் எண்ணும் பென்குவின் பறவை, தெற்கிலிருந்தும் ஆழ்கடலிலிருந்தும் வரும் குளிர்ந்த நீரின் உதவியால் பூமத்திய ரேகையிலேயே குடும்பம் நடத்துகிறது. மனிதனைக் கண்டால் ஓட வேண்டும் என்பது இவற்றில் பலவற்றுக்குத் தெரியாது. அந்த அறியாமைக்கு அவை கொடுத்த விலையைப் பின்னால் சொல்வோம்.

இங்கிலீஷ் பண்டிதர் டார்வின் 1835-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் இத்தீவுகளுக்கு வந்தார். தங்கியது ஐந்து வாரம். அப்போது ஈக்வடார் சர்க்காரின் உத்தியோகத்திலிருந்த உப கவர்னர் லாசன் என்பவர், ஆமையைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்தத் தீவினுடையது என்று தம்மால் சொல்லிவிட முடியும் என்றார். தீவுக்குத் தீவு பிராணி வேறுபடுகிறது என்ற பெரிய சூத்திரத்தின் சாவி அந்த ஒரு பேச்சில் இருந்தது. டார்வின் முதலில் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு தீவுகளில் சேகரித்தவற்றை ஓரளவு ஒன்றாகக் கலந்தும் விட்டார். இதைப் பின்னால் அவரே ஒப்புக்கொண்டு எழுதியிருப்பது அவருடைய பெருமைக்கு அடையாளம். ஆனால் அவருடைய கப்பல் தீவுகளைவிட்டுப் புறப்படுகையில் ஏற்றிக்கொண்டுபோன ஆமைகள் வழியிலேயே சமைத்துத் தின்னப்பட்டு, ஓடுகள் கடலில் எறியப்பட்டன. தீவின் பெயரைச் சொல்லும் சாட்சியம் அந்த ஓடுகளில்தான் இருந்தது! அவர் ஊகித்த மாறுதலைக் கண்ணெதிரே அளந்து காட்டியவர்கள் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்னும் தம்பதிகள். 1973 முதல் டாப்னி என்னும் சிறு தீவில் குருவிகளின் அலகை வருஷந்தோறும் அளந்துவந்தனர். 1977-ல் மழை பொய்த்துச் சிறு விதைகள் தீர்ந்தன. கெட்டியான பெரிய விதையை உடைக்கக்கூடிய பெரிய அலகுள்ள குருவிகளே அதிகமாகத் தப்பின. அடுத்த தலைமுறையின் அலகும் பெருத்தது.

நிற்க, அள்ளிச் சென்றவர்களின் கணக்குக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் பிரிட்டிஷ், அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இத்தீவுகளை உக்கிராண அறையாகவே பாவித்தன. உணவும் நீருமின்றி ஆமை ஒரு வருஷம் வரை உயிரோடிருக்கும். கப்பலின் அடித்தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டால் வேண்டும்போது புதிய மாமிசம் கிடைக்கும். இப்படிப் போனவை லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். ஈக்வடார் தேசம் இத்தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது 1832 பிப்ரவரியில்தான். சேர்த்துக்கொண்ட பிறகும் கப்பல்களைத் தடுக்க அதனிடம் என்ன இருந்தது? ப்ளோரியானா தீவின் ஆமையினம் அடுத்த இருபது வருஷங்களுக்குள் அத்தீவினின்றும் மறைந்தது.

தின்பதற்கு எடுத்துச் சென்றவர்களையாவது பசியின் பேரால் மன்னிக்கலாம். 1905, 1906-ம் வருஷங்களில் கலிபோர்னியாவின் விஞ்ஞான சபையொன்று அனுப்பிய கூட்டம் 266 ஆமைகளைச் சேகரித்துக்கொண்டு போயிற்று. எப்படியும் அழியப் போகிறவை, அழியுமுன் எடுத்துப் பத்திரப்படுத்துவோம் என்பது அக்காலத்துச் சேகரிப்பாளரின் நியாயம். பெர்னாண்டினாவில் அவர்கள் கண்டது ஓர் ஆண் ஆமை, அதையும் எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் அத்தீவில் ஆமையே அகப்படவில்லை. 2019-ல் ஒரு கிழட்டுப் பெண் ஆமை எரிமலைச் சரிவில் தனியே உயிரோடிருக்கக் கண்டனர். பழைய ஆணின் ஜாதியே இவளும் என்று மரபணுச் சோதனையில் ருஜுவாகியிருக்கிறது. மாப்பிள்ளை ஸான்பிரான்ஸிஸ்கோ காட்சிசாலையில் ஓடாக இருக்கிறான்!

பின்ட்டா தீவின் கதை இதைவிடச் சோகமானது. 1959-ல் மீன்பிடிப்போர் இறைச்சிக்காக அங்கே ஓர் ஆண் ஆட்டையும் இரண்டு பெண் ஆடுகளையும் விட்டுப்போனார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அவை சுமார் 40,000 ஆகித் தீவை மொட்டையடித்தன. 1971-ல் அத்தீவில் எஞ்சியிருந்தது ஒரே ஆண் ஆமை. 'தனி ஜார்ஜ்' என்று பெயரிட்டு, ஸாண்டா குரூஸ் தீவில் நாற்பது வருஷம் காத்து வளர்த்தும் பலனில்லாமல் 2012 ஜூன் 24-ந் தேதி அது மாண்டது. அதோடு அந்த இனமும் முடிந்தது. உடலைப் பதப்படுத்த நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். 2017-ல் அது திரும்பி வந்தது. இடையில் அதைத் தலைநகரான கீட்டோவில் வைக்கலாமென்ற யோசனை எழுந்தபோது, எங்கள் ஆமை எங்கள் தீவுக்கே வரவேண்டுமென்று தீவுவாசிகள் தங்கள் சொந்தச் சர்க்காரோடேயே சண்டையிட்டனர். அந்தச் சண்டையில் நம்முடைய அநுதாபம் எந்தப் பக்கமென்று சொல்லத் தேவையில்லை.

ராணுவத் தளத்தைப் பற்றியும் இத்தீவுகளுக்கு அநுபவம் உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்கா பால்ட்ரா தீவில் விமானத் தளம் கட்டியது; 1946-ல் திருப்பிக் கொடுத்தது. அத்தீவின் நில உடும்புகள் அதைச் சுற்றிய வருஷங்களில் அடியோடு ஒழிந்தன. கட்டட வேலையாலா, நாய் பூனைகளாலா, துப்பாக்கியாலா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. தெய்வாதீனமாக, யுத்தத்துக்குச் சில வருஷம் முன் ஆராய்ச்சிக்காரர் சிலர் சுமார் 70 உடும்புகளை அருகிலுள்ள மற்றொரு தீவில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அவற்றின் சந்ததியை 1991 முதல் மீண்டும் பால்ட்ராவில் குடியேற்றினார்கள். 2019-ல் ஈக்வடாரின் ராணுவ மந்திரி, ஸான் கிறிஸ்டோபல் தீவின் விமான நிலையத்தை அமெரிக்க ரோந்து விமானங்கள் உபயோகிப்பதை ஆதரித்துப் பேசும்போது, கலாபகோஸ் இயற்கையே அளித்த விமானந்தாங்கிக் கப்பல் என்றார். தேசம் முழுவதும் கொதித்தெழுந்தது. மந்திரியின் கண்ணுக்கு ஆமை தெரியவில்லை, கடல் உடும்பு தெரியவில்லை. ஓடுபாதை மாத்திரம் தெரிந்தது. நவம்பர் வாக்கெடுப்பின் முடிவுக்கு உள்நாட்டு அரசியல் காரணங்கள் பல இருப்பினும், இந்தக் கொதிப்பும் அதில் கலந்திருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

அழித்த கணக்கை இவ்வளவு சொன்ன நாம் மீட்ட கணக்கைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. 1959-ல் ஈக்வடார் சர்க்கார் குடியேற்றமில்லாத நிலம் முழுவதையும், அதாவது நூற்றுக்கு 97 பங்கு நிலத்தை, தேசியப் பூங்காவாக்கிற்று. எஸ்பனோலா தீவில் மிஞ்சியிருந்த ஆமைகள் பதினான்கே. அவற்றைப் பிடித்துவந்து, அமெரிக்காவின் ஸான் டியாகோ மிருகக்காட்சிசாலையிலிருந்த 'டியாகோ' என்னும் பதினைந்தாவதையும் திரும்பப் பெற்று, முட்டையிடச்செய்து குஞ்சு வளர்த்தார்கள். சுமார் 2,000 ஆமைகள் தீவுக்குத் திரும்பின. 2020 ஜூனில் டியாகோவும் தன் பிறந்த மண்ணில் விடப்பட்டது. இஸபெலா, ஸாண்டியாகோ தீவுகளில் 1997 முதல் 2006 வரை நடந்த ஆட்டு வேட்டையில் ஒரு லட்சத்து நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஆடுகளும் ஒழிக்கப்பட்டன. கடைசி ஆடுகளைத் தேடிப் பிடிக்க, ஓர் ஆட்டின் கழுத்தில் ரேடியோக் கருவியைக் கட்டி விட்டுவிடுவார்கள்; அது தன் கூட்டத்தைத் தேடிப் போய்த் தானறியாமலே காட்டிக்கொடுக்கும். பின்சோன் தீவில் எலிகள் குஞ்சுகளைத் தின்றுவிட்டபடியால் நூறு வருஷத்துக்கு மேலாக ஓர் ஆமைக் குஞ்சும் பிழைத்ததில்லை. 2012-ல் எலிகளை ஒழித்த பிறகு அங்கே தாமாகப் பொரித்த குஞ்சுகள் காணப்பட்டன. அந்நிய நிபுணர்களின் அறிவும் பணமும் இவற்றில் உதவின என்பது உண்மை. ஆனால் வெயிலில் எரிமலைக் கற்களின்மேல் நடந்து, கூடைகளில் ஆமையைச் சுமந்தவர்களுள் பெரும்பாலோர் பூங்காவின் சிறு சம்பளக் காவலர்கள். அவர்களுடைய பெயரைச் சொல்லும் புஸ்தகம் அதிகமில்லை.

தீவுவாசிகள் யாவரும் குற்றமற்றவர்களென்று வாதிக்க நாம் வரவில்லை. கடல் அட்டை வியாபாரத்தில் பணம் கொழித்த 1990-க்குப் பிந்திய வருஷங்களில், பிடிப்பதற்குச் சர்க்கார் தடை போட்டதும் மீனவர் சிலர் ஆராய்ச்சி நிலையத்தை முற்றுகையிட்டு, ஆமைகளைக் கொன்றுவிடுவோம் என்றும் மிரட்டினார்கள். கிழக்குப் பசிபிக்கில் சூரை மீன் பிடிக்கும் பெரிய கப்பற்படைகளுள் ஒன்று ஈக்வடாருடையதே. 30,000-க்குச் சற்றுக் குறைவான ஜனத்தொகையுள்ள தீவுகளுக்கு ஆண்டுதோறும் இரண்டரை லட்சம் யாத்திரிகர்களுக்குமேல் வந்து போகிறார்கள். அவர்களோடு ஈயும் எறும்பும் களையும் வருகின்றன. குருவிக் குஞ்சுகளின் ரத்தத்தை உறிஞ்சும் ஒருவகை ஈயின் புழு இன்று அத்தீவுகளின் பறவைகளுக்குப் பெரிய எமன். 1998 முதல் 100 டாலராக இருந்த அந்நியர் நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டில்தான் 200 டாலராயிற்று. இருபத்தாறு வருஷம் உயர்த்தாமலிருந்தது யாருடைய நன்மைக்காக?

ஆனால் கடலில் நடப்பதைப் பார்த்தால் ஈக்வடாரின் குற்றங்கள் சிறியனவாகத் தோன்றும். 2017 ஆகஸ்டில் ஒரு சீனக் கப்பல் கலாபகோஸின் காப்புக் கடலுக்குள் பிடிபட்டது. உள்ளே சுமார் 300 டன் மீன்; அதில் சுறாக்கள் மட்டும் 6,000-க்கு மேல். கப்பலோட்டிகள் இருபது பேருக்கும் ஓராண்டு முதல் நான்காண்டு வரை சிறைத்தண்டனையும், 59 லட்சம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. கப்பல் பறிமுதலாகி, பெயர் மாற்றப்பட்டு, இன்று ஈக்வடார் கடற்படையில் இருக்கிறது. வக்கீல் தொழிலில் எத்தனையோ தீர்ப்புகளைப் படித்த நமக்கு இதைப்போல் திருப்தியளித்தவை சிலவே. இந்தத் தேசத்தின் அரசியல் சட்டம் இயற்கைக்கே உரிமைகளுண்டு என்று ஒப்புக்கொண்ட முதல் அரசியல் சட்டமென்பதும் நினைவிருக்கட்டும். அந்நியத் தளத்தைத் தடுப்பதும் அதே 2008-ம் வருஷத்துச் சட்டந்தான். ஆயினும் 2020-ல் வந்த கப்பல்கள் சுமார் 300. அவை எல்லைக்கு வெளியே, ஆழ்கடலில் நின்றுகொண்டே மீன் பிடித்தன. சட்டத்தின் கை அங்கே எட்டவில்லை. சுறாவுக்கும் கடலாமைக்கும் எல்லைக்கோடு தெரியாது. கோட்டைத் தாண்டிய மறுகணம் அவை யாருடையவையுமல்ல. 2022 ஜனவரியில் ஈக்வடார் மேலும் 60,000 சதுர கிலோமீட்டர் கடலைக் காப்புக் கடலாக்கிற்று. அதைக் காவல் காக்கக் கப்பல் வேண்டும், எண்ணெய் வேண்டும், சம்பளம் வேண்டும். பணம் எங்கே?

இங்கேதான் கடன் பத்திரம் வருகிறது. ஈக்வடார் கடனில் மூழ்கிய தேசம். திருப்பிக் கொடுக்குமென்ற நம்பிக்கை குறைந்ததால் அதன் பத்திரங்கள் சந்தையில் முகமதிப்பில் பாதிக்கும் கீழே விற்றன. 2023 மே மாதத்தில், சுமார் 160 கோடி டாலர் முகமதிப்புள்ள பத்திரங்களைச் சுமார் 64 கோடி டாலருக்குத் திரும்ப வாங்கினார்கள். வாங்குவதற்கான பணம் ஒரு பெரிய ஸ்விஸ் பாங்கு ஏற்பாடு செய்த புதுக்கடன். அந்தப் பாங்கே அதே வருஷம் மார்ச்சில் நிலைகுலைந்து இன்னொரு பாங்கின் கையில் போய்ச் சேர ஏற்பாடாகியிருந்தது என்பது வேடிக்கை. புதுக்கடனுக்கு அமெரிக்க சர்க்காரின் நிதி ஸ்தாபனம் இன்ஷூரன்ஸ் அளித்தது; அமெரிக்க நாடுகளின் அபிவிருத்தி பாங்கு ஜாமீன் நின்றது. மிச்சமாகும் தொகையிலிருந்து பதினெட்டரை வருஷத்துக்கு, வருஷம் சுமார் 180 லட்சம் டாலர் கலாபகோஸ் பாதுகாப்புக்குச் செலவாகும் என்பது நிபந்தனை.

இதைப் பெருந்தானமென்று பத்திரிகைகள் புகழ்ந்தன. தானமென்று சொல்ல நமக்கு நா எழவில்லை. கடன் மன்னிக்கப்படவில்லை, பெரிய கடன் சிறிய கடனாக மாற்றப்பட்டது. அந்நிய முதலுக்கு நஷ்டமில்லாதபடி இன்ஷூரன்ஸ் இருக்கிறது, லாபமும் இருக்கிறது. தங்களைச் சரிவரக் கலந்தாலோசிக்கவில்லை என்று ஈக்வடாரின் குடிமக்கள் சங்கங்கள் சிலவே புகார் கூறியிருக்கின்றன. அதற்காக ஒப்பந்தத்தைக் கிழித்தெறிய வேண்டுமென்று நாம் சொல்லமாட்டோம். ரோந்துக் கப்பலுக்கு எண்ணெய் இல்லாத ராஜ்யத்தின் சுதந்திரக் கொடியைக் கண்டு மீன்திருடர் அஞ்சப் போவதில்லை. பணம் வரட்டும். அதை எதற்கு, யார் கையால் செலவிடுவது என்பதைத் தீர்மானிக்கும் சபையில் தீவுகளின் மீனவனுக்கும் காவலனுக்கும் உள்ள குரல் எத்தனை, வெளியாருக்குள்ள குரல் எத்தனை என்பதே நாம் பார்க்கும் விஷயம். சபையின் கணக்கு தீவின் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஸ்பானிஷ் பாஷையில், எவரும் படிக்கும்படி வருஷந்தோறும் ஒட்டப்படவேண்டும். மானிட வர்க்கத்தின் பொதுச் சொத்து என்று 1978-ல் பட்டம் சூட்டிய உலகம், பட்டத்தோடு காவல் செலவில் தன் பங்கையும் தருவதாயிருந்தால் கடனாகத் தர வேண்டிய அவசியமென்ன என்று கேட்க ஈக்வடாருக்குப் பூரண உரிமை உண்டு.

ஒப்பந்தம் கையெழுத்தான 2023-ல் முட்டையிலிருந்து வெளிவந்த ஆமைக் குஞ்சு ஒன்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அது இனவிருத்திக்குத் தயாராக இருபது முதல் இருபத்தைந்து வருஷம் ஆகும். ஒப்பந்தத்தின் கடைசித் தவணை 2041-ல். அதற்குப் பிறகு, இடையில் சேர்த்துவைக்கும் மூலதனத்தின் வட்டியிலிருந்து செலவு நடக்குமென்று ஏற்பாடு. அந்த மூலதனத்தின் சாவி அப்போது யாரிடம் இருக்கும் என்பதை ஈக்வடார் ஜனங்கள், முதல் முட்டைக்கு இன்னும் சில வருஷம் மிச்சமிருக்கும்போதே, தங்கள் பாராளுமன்றத்தில் கேட்டுப் பதில் வாங்கிவிட வேண்டும்.